ரங்கூனில் நேதாஜி: குரல் இருந்தது, பதில் கேட்கக் கருவி இல்லை

ரங்கூன் நகரின் நடுவே பபேடான் என்றொரு வட்டாரம் உண்டு. பர்மிய மொழியில் கொல்லர் வரிசை என்று பொருள்படும் பெயர் அது. பெயர்தான் கொல்லருடையது. 1930களில் அந்தத் தெருக்களில் நடந்தவர்களின் காதில் தமிழும் தெலுங்கும் உருதுவும் வங்காளமும்தான் அதிகம் விழுந்திருக்கும். அன்று ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1871இல் தமிழர் எழுப்பிய காளியம்மன் கோயில் இன்றும் அங்கேதான் நிற்கிறது. செட்டியார்கள் பெட்டியடி வைத்துப் பணம் புரட்டிய முகல் தெருவும் அங்கேதான். இப்போது அதற்கு ஷ்வே பொந்தா தெரு என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் ஸ்கொட் சந்தையாக இருந்த பெரிய அங்காடி இன்று போஜோக் ஆங் சான் சந்தை.

அந்த ஆங் சானின் மகள்மீது 2021 பெப்ரவரியில் இராணுவம் சுமத்திய முதற் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? வீட்டில் அனுமதியில்லாத வோக்கி-ரோக்கிகள் இருந்தன என்பது. 2022 ஜனவரியில் அதற்காகத் தண்டனையும் விதித்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி, ஒரு நாட்டின் தலைவியைச் சிறைக்கு அனுப்பப் போதுமானதாக இருந்தது.

வோக்கியைப் பற்றி இவ்வளவு யோசிக்க எங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. சில கோடைகளுக்கு முன், நாங்கள் வாழும் ஊரின் கோயில் தேருக்குத் தொண்டர்களிடம் பத்து வோக்கிகளைக் கொடுத்திருந்தோம். வடம் பிடிப்போருக்கு ஒன்று, சில்லுக்குக் கட்டை போடுவோருக்கு ஒன்று, வாகனத் தரிப்பிடத்துக்கு ஒன்று என்று பங்கிட்டோம். தேர் வளைவில் திரும்பும் நேரம் பார்த்து எல்லாக் கருவிகளும் ஊமையாகின. நிறுத்துங்கோ என்று முன்னால் நின்றவர் கத்தியது பின்னால் நின்றவருக்குப் போகவில்லை. தண்ணீர்ப் பந்தலின் ஒரு கால் முறிந்தது. பிள்ளைகளை இழுத்து எடுத்துவிட்டார்கள், அம்மாள் புண்ணியம். பிறகு தேடிப் பார்த்தால், ஒரு தம்பி வோக்கியைப் பின் பொக்கற்றில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்திருக்கிறார். பேசும் பொத்தான் அமுங்கியபடியே கிடந்திருக்கிறது. ஒரு அலைவரிசையில் ஒருவர் பொத்தானை விடாமல் வைத்திருந்தால் மற்ற எவரும் பேச முடியாது. அமுக்கிக்கொண்டிருப்பவருக்கும் எதுவும் கேட்காது.

அடுத்த வருடம் பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்தோம். அப்போது எங்கள் பெரியவர் ஒருவர் சொன்ன கதை சுபாஷ் சந்திர போஸின் கதை. வோக்கிக்கும் நேதாஜிக்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகள் சிரித்தார்கள். கேட்டு முடித்தபோது சிரிப்பில்லை. அந்தக் கதையைத்தான், நாம் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து, இங்கே எழுதுகிறோம்.

கட்டாக்கில் 1897 ஜனவரி 23ஆம் நாள் பிறந்தவர் சுபாஷ். 1920இல் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காம் இடம். அடுத்த ஆண்டே அந்தப் பதவியை உதறினார். அதன் பின் காங்கிரஸ், கல்கத்தா மாநகராட்சி, சிறை, மீண்டும் சிறை. 1938இலும் 1939இலும் காங்கிரஸ் தலைவர், காந்தியாரோடு முரண்பட்டு விலகல். இவை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தவை.

பர்மாவுக்கு அவர் முதலில் வந்தது கைதியாக. 1925 தொடக்கத்தில் வழக்கு விசாரணை எதுவுமில்லாமல் மாந்தலே சிறைக்கு அனுப்பப்பட்டார். திலகரும் லாலா லஜபதி ராயும் முன்பு அடைபட்டிருந்த அதே ஊர்ச் சிறை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே கிடந்து, நெஞ்சு நோயோடு 1927 மே மாதம் விடுதலையானார். அந்த நாட்களில் கடிதங்கள் தணிக்கைக்காரன் வாசித்த பின்தான் அவர் கைக்கு வந்தன. கடல் கடந்த சிறையில் இருப்பவனுக்குச் செய்தி என்பது சோற்றுக்கு அடுத்த தேவை என்பதை அவர் அங்கே படித்திருப்பார் என்று நினைக்கிறோம். நம்மில் சிலருக்கும் அந்தப் படிப்பு உண்டு.

1941 ஜனவரியில் கல்கத்தாவில் வீட்டுக் காவலில் இருந்தவர், ஓர் இரவு முகம்மது ஸியாவுதீன் என்ற பெயரில் வேடமிட்டு, அண்ணன் மகன் சிசிர் ஓட்டிய காரில் கோமோ ரயில் நிலையம் வரை போய், அங்கிருந்து பெஷாவர் சேர்ந்தார். அதற்கப்பால் காபூலுக்கு மலைப் பாதை. பஷ்தூ மொழி தெரியாது. ஆகவே காது கேளாத, வாய் பேசாத பட்டாணியராக நடித்தார். பக்கத்தில் நடந்து அவருக்காகப் பேசியவர் பகத் ராம் தல்வார். சில மாதங்களில் உலகமெங்கும் ஒலிக்கப்போகிற குரல், அந்தப் பாதை முழுக்க ஊமையாக நடந்தது. பகத் ராமின் பெயரை நினைவில் வைத்திருங்கள். அவர் திரும்ப வருவார்.

இத்தாலியக் கடவுச்சீட்டில் மொஸ்கோ வழியாக 1941 ஏப்ரல் தொடக்கத்தில் பேர்ளின் சேர்ந்தார். அங்கே தொடங்கியதுதான் ஆசாத் ஹிந்த் வானொலி. 1942 ஜனவரியிலிருந்து அது ஒலிபரப்பியது. தமிழ், வங்காளம், இந்தி, மராத்தி, பஞ்சாபி, பஷ்தூ எனப் பல மொழிகளில். சிங்கப்பூர் பெப்ரவரி 15ஆம் நாள் விழுந்தது. நான்கு நாள் கழித்துப் போஸ் முதன்முறையாகத் தன் சொந்தப் பெயரில் வானொலியில் பேசினார். ஓராண்டுக்கு மேலாக எங்கே போனார் என்று தெரியாதிருந்த மனிதரின் குரல் நாட்டில் கேட்டது.

அடுத்த மாதமே அவர் விமான விபத்தில் இறந்துவிட்டார் என்று ரொய்ட்டர் செய்தி பரவியது. காந்தியார் அவருடைய தாயாருக்கு இரங்கல் தந்தி அனுப்பிவிட்டார். போஸ் மறுபடி ஒலிவாங்கியின் முன் வந்து, தான் உயிரோடிருப்பதைத் தானே அறிவித்தார். பொய்ச் செய்தியை வானொலி கொல்லும் என்று அன்று இந்தியா கண்டது. இந்த இடத்தை நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பெரியவர்கள் சிலர் தலை குனிந்து கேட்டிருந்தார்கள். தலைவர் ஒருவரின் மரணச் செய்தியை எத்தனை முறை நம்புவது, எத்தனை முறை மறுப்பது என்ற கேள்வி எங்கள் அறைக்குப் புதிதல்ல.

ஆனால் அந்த வானொலியின் தன்மையைக் கவனிக்க வேண்டும். அது ஒருவழி. பேசுகிறவர் பேர்ளினில், கேட்கிறவர் மதுரையிலோ மட்டக்களப்பிலோ கதவைச் சாத்திவிட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கிறார். கேட்டவர் என்ன நினைத்தார் என்பது பேசியவருக்குப் போகாது. இருவழிக் கருவி வேறு சாதி. அதில் பேசுவதற்கு ஒரு பொத்தான், விட்டால்தான் கேட்கும்.

போஸின் தரப்பிடம் இருவழித் தொடர்பு ஒன்றும் இருந்தது. அதன் மறுமுனையில் பகத் ராம் இருந்தார். யேர்மனியர் அவருக்குப் பணமும் வயர்லெஸ் வசதியும் கொடுத்து, இந்தியாவிலிருந்து இரகசியத் தகவல் அனுப்பச் சொன்னார்கள். அவரோ கொம்யூனிஸ்ட். யேர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியதும் ரஷ்யர் பக்கம் சேர்ந்தார். ரஷ்யர் அவரைப் பிரித்தானியரோடு பகிர்ந்துகொண்டார்கள். சில்வர் என்பது அவருடைய மறைபெயர். டெல்லியில் வைஸ்ராய் மாளிகையின் தோட்டத்திலிருந்தே அவருடைய பெயரில் பேர்ளினுக்குச் செய்தி போனது. எழுதிக் கொடுத்தவர் பீற்றர் ஃபிளெமிங், பின்னாளில் ஜேம்ஸ் பொண்ட் கதை எழுதியவரின் அண்ணன். படை நகர்வுகள், மக்கள் மனநிலை என்று எல்லாம் சமைத்த செய்திகள். போர் முடியும்வரை பேர்ளின் அதை நம்பியது. தன்னைக் காபூல் வரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தவன் பொய் சொல்வான் என்று போஸ் எப்படி நினைப்பார்? அதைக் குற்றமாகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. குரல் பழக்கமானது என்பதற்காக மறுமுனையில் இருப்பவர் நம்மவர் என்று ஆகிவிடாது என்பதை மட்டும் வகுப்பில் சொல்லி வைத்தோம்.

இன்றைய சாதாரண வோக்கியிலும் இது உண்டு. பெட்டியின் மேல் பிரைவசி கோட் என்று போட்டிருப்பார்கள். அது மற்றவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கும் வடிகட்டி. உங்கள் பேச்சு மற்றவர் காதில் விழாமல் காக்கும் பூட்டு அல்ல. அதே அலைவரிசையில் யார் செற் வைத்திருந்தாலும் கேட்பார்கள். தேருக்கு வந்த பிள்ளை ஒன்று தொலைந்தால் பெயரையும் பெற்றோர் விபரத்தையும் வோக்கியில் சொல்லாதீர்கள். சட்டை நிறத்தையும் நிற்கிற இடத்தையும் சொல்லுங்கள், மிச்சத்தை நேரில் பேசுங்கள்.

1943 பெப்ரவரியில் போஸ் கீல் துறைமுகத்தில் யேர்மன் நீர்மூழ்கி யு-180இல் ஏறினார். கூடப் போனவர் ஆபித் ஹசன் ஒருவர் மட்டும். வியன்னாவில் எமிலியையும், பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத மகள் அனிதாவையும் விட்டுப் போனார். அவர் கடலுக்கடியில் இருந்த காலத்தில் முன்கூட்டியே பதிவு செய்த அவருடைய உரைகள் பேர்ளினிலிருந்து ஒலிபரப்பாகின, அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று எதிரி எண்ணும்படி. நீர்மூழ்கிக்கு மௌனம்தான் கவசம். வயர்லெஸ்ஸில் வாய் திறந்தால் எந்தத் திசையிலிருந்து சத்தம் வருகிறது என்று அளந்து வந்துவிடுவார்கள். ஏப்ரல் 28ஆம் நாள் மடகஸ்காருக்கு அப்பால், கொந்தளித்த கடலில் ரப்பர் தோணி ஒன்றில் இருவரும் யப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார்கள். மே மாதம் ரோக்கியோ.

ஜூலையில் சிங்கப்பூரில் தலைமை ஏற்றார். ஒக்டோபர் 21இல் தற்காலிக அரசு அமைத்தார். அந்த அரசில் பிரசார அமைச்சர் எஸ்.ஏ. ஐயர் என்ற தமிழர். முன்பு ரொய்ட்டர் செய்தியாளராக இருந்தவர். வானொலி அவர் பொறுப்பில். மலாயாத் தோட்டங்களிலிருந்து பால்வெட்டும் தமிழர் படையில் சேர்ந்தார்கள்; பெண்கள் சென்னையில் பிறந்த டொக்டர் லக்சுமியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். தாலியைக் கழற்றிக் கொடுத்த கதைகள் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு.

அதே ஆண்டுகளில் அதே தோட்டங்களிலிருந்து யப்பானியர் இன்னொரு கூட்டத்தையும் கொண்டுபோனார்கள், சியாம்–பர்மா ரயில் பாதை போட. 415 கிலோமீற்றர். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் தமிழர் அந்தக் காட்டில் செத்தார்கள். 1943 ஒக்டோபரில் பாதை முடிந்தது. தற்காலிக அரசு பிறந்ததும் அதே மாதம். அந்த யப்பானின் தயவில்தான் ஆசாத் ஹிந்த் வானொலி இயங்கியது. நேதாஜி படத்துக்கு மாலை போடும் வீடுகளிலும் ரயிலுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவின் படம் இருக்கிறது. இரண்டையும் ஒரே சுவரில் மாட்டியிருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம்.

அந்தமானில் நடந்தது இன்னும் கசப்பு. 1943 டிசம்பர் இறுதியில் போஸ் போர்ட் பிளேயர் போனார், கொடியேற்றினார். செல்லுலர் சிறையில் யப்பானியர் சித்திரவதை செய்துகொண்டிருந்த உள்ளூர் இந்தியர்களின் கூக்குரல் அவருக்கு எட்டாதபடி பார்த்துக்கொண்டார்கள். அவர் திரும்பி ஒரு மாதத்தில், 1944 ஜனவரி 30ஆம் நாள், ஹம்ஃபிரிகஞ்சில் 44 இந்தியரைச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். அதன் பின் போஸின் ஆளாக அங்கே நிர்வாகத்துக்குப் போன மேஜர் ஜெனரல் ஏ.டி. லோகநாதனுக்கு, இவரும் தமிழர், தொழிலால் வைத்தியர், பள்ளிக்கூடங்களைத் தவிரப் பெரிதாக எதையும் யப்பானியர் ஒப்படைக்கவில்லை.

1944 ஜனவரியில் போஸ் தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றினார். கைதியாக வந்த நாட்டுக்கு இப்போது ஓர் அரசின் தலைவராக. பணமும் நகையும் திரண்டன, ஆசாத் ஹிந்த் வங்கி தொடங்கியது. இம்பால் நோக்கிப் படைகள் போயின. ஷா நவாஸ் கானின் படையணி சின் மலைகளுக்கு ஏறியது.

இங்கேதான் எங்கள் பெரியவர் பிள்ளைகளின் கையிலிருந்த வோக்கியைச் சுட்டிக் காட்டினார். போஸின் படையிடம் பீரங்கி இல்லை, மோட்டார் இல்லை, போதிய வயர்லெஸ்ஸும் தொலைபேசியும் இல்லை. ஒரு கொம்பனியிடமிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போக வேண்டுமென்றால் ஆள்தான் ஓட வேண்டும். மலை, மழை, மலேரியா. ஓடியவன் போய்ச் சேர்ந்தானா என்பதும் தெரியாது. ரங்கூனுக்கு வர வேண்டிய சேதி பெரும்பாலும் யப்பானியர் கை வழியாகத்தான் வரும், அவர்கள் சொல்ல விரும்பிய அளவுக்கு.

எதிரில் நின்ற 14ஆவது இராணுவத்தைப் பாருங்கள். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் விமானம் வந்து அரிசியும் தோட்டாவும் மருந்தும் போடும். முற்றுகைக்குள் கிடந்த இம்பாலே அப்படித்தான் உயிர் பிழைத்தது. சிறு பிரிவுகளுக்கு நெஞ்சில் கட்டும் 38ஆம் எண் செற் இருந்தது. பற்றரி தனியாகத் தோள்பையில். எட்டும் தூரம் ஏறத்தாழ ஒரு மைல்தான், அடர்ந்த காட்டில் அதுவும் இல்லை. அமெரிக்கரிடம் எஸ்.சி.ஆர்.-536 என்ற கைக்கருவி இருந்தது, இன்றைய வோக்கியின் நேரடிப் பாட்டன். இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அன்ரனாவை இழுத்தால்தான் உயிர் வரும். அந்தச் சிறு கருவிகளின் எல்லை அன்றும் இன்றும் ஒன்றுதான்: நடுவில் மலையோ கட்டடமோ வந்தால் அலை நின்றுவிடும். மேட்டில் ஏறினால் தூரம் கூடும். அன்ரனாவைக் கையால் மூடிப் பிடித்தால், இடுப்பில் சரித்துத் தொங்கவிட்டுப் பேசினால், பாதித் தூரம் அங்கேயே போய்விடும். நிமிர்த்திப் பிடித்து, வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, பொத்தானை அமுக்கி ஒரு கணம் பொறுத்துப் பேச வேண்டும். பொறுக்காவிட்டால் முதற் சொல் விழுங்கப்பட்டுவிடும். விழுங்கப்பட்ட அந்தச் சொல் வேண்டாம் என்பதாக இருந்தால் கேட்பவருக்குப் போவது நேர் எதிர்க் கட்டளை.

1944 ஜூலை 6ஆம் நாள் போஸ் ரங்கூனிலிருந்து வானொலியில் காந்தியாரை விளித்துப் பேசினார். தேசத்தின் தந்தை என்று அவரை அழைத்தது அந்த உரையில்தான். கஸ்தூரிபா சிறையில் இறந்து சில மாதங்கள். காந்தியார் அப்போதுதான் விடுதலையாகியிருந்தார். தான் ஏன் வெளியேறினேன், ஏன் யப்பானோடு சேர்ந்தேன் என்று, ஒரு மகன் தகப்பனுக்குச் சொல்வதுபோல விரிவாகச் சொன்னார். அவர் பேசிய உரைகளில் இதுதான் பெரியது என்பது எம் எண்ணம். பதில் வர வழியில்லாத உரை. அதே வாரத்தில் இம்பால் போர் முற்றாகத் தோற்றுப்போய் யப்பானியர் பின்வாங்கும் முடிவை எடுத்திருந்தார்கள். மீட்கப்போகும் மண்ணுக்கு நிர்வாகியை நியமித்து வைத்திருந்த தலைவருக்கு, தன் படை மலையில் புல்லைத் தின்று செத்துக்கொண்டிருக்கும் கணக்கு முழுதாகத் தெரிந்தது பிறகுதான்.

1945 பெப்ரவரியில் ஐராவதியும் கடக்கப்பட்டது. நியாங்-ஊவில் ஆற்றங்கரையைக் காத்த நேரு படையணியில் மலாயாத் தமிழ் இளைஞர் நிறைய இருந்தார்கள். நீண்ட கரை, கொஞ்ச ஆட்கள், ஒருவரோடு ஒருவர் பேச வழியில்லை. மார்ச் 27இல் ஆங் சானின் பர்மியப் படை யப்பானியருக்கு எதிராகத் திரும்பியது. பர்மியர்மேல் தன் படை சுடாது என்று போஸ் நின்றார். அது அவர் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. ரங்கூன் தமிழரைப் பிறகு காத்ததும் ஓரளவுக்கு அதுதான்.

ஏப்ரல் 24ஆம் நாள் இரவு போஸ் ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். ஜான்சி ராணிப் படைப் பெண்களும் கூட. ஜானகி தேவர் அவர்களை வழிநடத்தினார். பகலில் விமானத் தாக்குதல், இரவில் நடை. கார் இருந்தும் பெண்கள் நடக்கையில் நான் ஏறமாட்டேன் என்று காலில் கொப்புளத்தோடு அவரும் நடந்தார். பாங்கொக் சேர ஏறத்தாழ மூன்று வாரம்.

ரங்கூனில் லோகநாதனை விட்டுப் போயிருந்தார், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு. யப்பானியர் போய்விட்டார்கள், பிரித்தானியர் வந்து சேரவில்லை. நடுவில் சில நாட்கள் நகரம் யாருடையதும் அல்ல. 1942இல் அப்படியொரு இடைவெளியில் ரங்கூன் எரிந்ததும் கொள்ளை போனதும் எல்லோருக்கும் நினைவிருந்தது. இம்முறை லோகநாதனின் ஆட்கள் தெருக்களில் நின்றார்கள். முகல் தெருவின் கடைகளும் காளி கோயிலைச் சுற்றிய வீடுகளும் இம்முறை அந்தக் கதிக்குத் தப்பின. தோற்ற படை ஒன்றின் கடைசி வேலை இது. வரலாற்றுப் புத்தகங்கள் இதற்கு இரண்டு வரிதான் ஒதுக்குகின்றன; நாங்கள் என்றால் ஓர் அத்தியாயம் கொடுத்திருப்போம்.

அந்த நாட்களில் ரங்கூன் சிறையிலிருந்த நேசநாட்டுக் கைதிகளிடமும் வயர்லெஸ் இல்லை. யப்பானியர் போய்விட்டதாகக் கூரையில் பெரிய எழுத்தில் வண்ணத்தால் எழுதினார்கள். மேலே பறந்த விமானிகள் அதை யப்பானியச் சூழ்ச்சி என்று நினைத்தார்கள். அப்புறம் பிரித்தானிய விமானப் படையாளருக்கு மட்டும் புரியும் ஒரு கொச்சைச் சொல்லையும் சேர்த்தார்கள். மே 2ஆம் நாள் விமானி சோண்டர்ஸ் மிங்கலடோனில் இறங்கி, நகருக்குள் நடந்தே வந்து உறுதிப்படுத்தினார். டெல்லித் தோட்டத்திலிருந்து பேசிய சில்வரை யேர்மனியர் இப்படி ஒரு தடவை சோதித்திருந்தால் போதும். எங்கள் தேர்த் தொண்டர்களுக்கும் இப்போது ஒரு சொல் உண்டு. காலையில் நேரில் சொல்லிக்கொள்வோம். அவசர நிறுத்தக் கட்டளையோடு அந்தச் சொல் வந்தால்தான் வடம் விடப்படும். என்ன சொல் என்று இங்கே எழுதமாட்டோம்.

ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்லிவிடுகிறோம், இதை வாசிக்கும் குடும்பங்கள் பல நாடுகளில் இருப்பதால். ஐரோப்பாவில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய வோக்கி 446 மெகாஹேர்ட்ஸ் வகை, சக்தி அரை வாட். கனடாவில் விற்பவை 462, 467 மெகாஹேர்ட்ஸ் வகை. அவற்றை லண்டனுக்கோ பாரிஸுக்கோ கொண்டுவந்து பேசினால் அங்கே அது சட்டமீறல். மியன்மாருக்கு எடுத்துக்கொண்டு போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

போஸ் ஓயவில்லை. 1945 ஜூனில் சிம்லா மாநாடு நடந்தபோது, வேவல் பிரபுவின் திட்டத்தை ஏற்க வேண்டாம் என்று சிங்கப்பூர் வானொலியிலிருந்து இரவுக்கு இரவு காங்கிரஸ்காரரை நோக்கிப் பேசினார். ஒகஸ்டில் மலாயாவின் சிரம்பானில் இருந்தபோது யப்பான் சரணடையப் போகும் சேதி அவருக்கு வந்தது. அதுவும் வயர்லெஸ்ஸில் அல்ல, சிங்கப்பூரிலிருந்து காரில் விரைந்து வந்த ஆட்கள் மூலம். ஒகஸ்ட் 17இல் சைகோனில் யப்பானிய விமானத்தில் இரண்டு இடம்தான் கிடைத்தது. போஸும் ஹபிபுர் ரஹ்மானும் ஏறினார்கள். ஐயர் தரையில் நின்றார். மறுநாள் தைபேயில் விமானம் விழுந்தது.

ஒகஸ்ட் 23ஆம் நாள் யப்பான் மரணத்தை அறிவித்தது. 1942இல் வந்ததுபோல் மறுப்பு வரும் என்று இந்தியாவிலும் மலாயாவிலும் பர்மாவிலும் மக்கள் வானொலிப் பெட்டிகளின் முன் காத்திருந்தார்கள். சிலர் ஆயுள் முழுக்கக் காத்திருந்தார்கள். 1956இல் ஷா நவாஸ் குழு, 1970இல் கோஸ்லா ஆணைக்குழு, 1999இல் முகர்ஜி ஆணைக்குழு. முதலிரண்டும் விபத்தில் இறந்தார் என்றன. மூன்றாவது இல்லை என்றது. அவருடையது என்று வைக்கப்பட்டிருக்கும் அஸ்தி ரோக்கியோவின் ரென்கோஜி கோயிலில் இருக்கிறது. தகப்பனின் அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுபோகச் சொல்லி மகள் அனிதா பல தடவை கேட்டிருக்கிறார்.

வியன்னாவில் எமிலிக்கு யாரும் தந்தி அடிக்கவில்லை. அவர் சமையலறையில் தாயோடும் சகோதரியோடும் இருந்து கம்பளி நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். மாலைச் செய்தி வானொலியில் போய்க்கொண்டிருந்தது. அதில்தான் கேட்டார். எழுந்து படுக்கையறைக்குப் போனார். மூன்று வயது நிரம்பாத அனிதா அங்கே தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலருகே மண்டியிட்டு அழுதார்.